கால் நீட்ட ஒரு திசை

கரண்ட் போய்விட்டது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள், அது இன்றைக்குத்தான் என்று யாருக்கு ஞாபகம். சீலிங் ஃபேன் மனசில்லாமல் இன்னும் நாலு சுற்று சுற்றி நின்றது. சிந்தாமணி பாயில் மல்லாக்கப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்கை ஓரத்தில் அப்பியிருக்கிற தூசி இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, எந்திரிச்சதும் முதல் வேலை அதைத் துடைக்கிறது, எந்திரிக்கத்தான் கூடாதாமே, பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர் ஆயிஷாம்மா கண்டிஷனாகச் சொல்லிவிட்டது, நல்லா ரெஸ்ட் எடுங்க, காலை நெஞ்சுக்கு மேல உசரமா தூக்கி வைங்க என்று. சொல்லிவிட்டது சரி, எந்தப் பக்கம் நீட்டுவது என்று அந்தம்மா சொல்லவில்லையே. திருப்பூர் லைன் வீட்டில் ஒரே ஒரு ரூம், பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு அடுப்படி. கிழக்குச் சுவரில் முருகன் பலகை, அந்தப் பக்கம் காலை நீட்ட முடியுமா. மேற்கே நீட்டினால் மாமியார் போட்டோ, சந்தன மாலைக்குள்ளிருந்து அந்தம்மா பார்க்கிற பார்வைக்குக் கால் தானாக மடங்கிவிடும். தெற்கே நீட்டினால் தலை வடக்கே போகும், வடக்கே தலை வைத்துப் படுக்க இவள் என்ன பிணமா. மிச்சம் வடக்கு, வாசல் பக்கம். அங்கே மாமனார் நாச்சிமுத்துவின் பிளாஸ்டிக் சேர். காலையில் எழுந்து பேப்பரை விரித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் அவர் அந்தச் சேரில்தான். அட கெரகமே, ஒரு மனுசிக்குக் கால் நீட்ட நாலு திசையில் ஒரு திசை இல்லை என்று நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது அவர் டீக்கடைக்குப் போயிருக்கிறார், அதனால் கால் ரெண்டும் தலையணை மேல், தலையணைக்கு அடியில் பனியன் வேஸ்ட் மூட்டை, ராணி மாதிரி. செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் ராணி.

வலி குறைந்திருக்கிறதா என்று உள்ளுக்குள்ளேயே தடவிப் பார்த்தாள், கையால் தொட மாட்டாள், தொட்டால் உயிர் போகும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு மேலேதான் கட்டி எல்லாம். முதலில் இடது காலில் ஒன்று, நெல்லிக்காய் கணக்காக, செக்கச்செவேலென்று, சுடச்சுட. பனியன் கம்பெனியில் இவள் நிற்கிற செக்கிங் டேபிளுக்கு அடியில் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு, பொழுதுக்கும் நின்றுகொண்டே பனியனைப் புரட்டிப் பார்க்கிற பொம்பளைகளுக்கெல்லாம் அதில் இடித்த தழும்பு இருக்கும், பக்கத்து டேபிள் ஜோதிமணி குனிந்து பார்த்துவிட்டு, "கம்பில இடிச்சிருப்ப அக்கா, மஞ்சப் பத்துப் போடு" என்றாள், இவளும் போட்டாள். அடுத்த வாரம் வலது காலிலும் ரெண்டு. வலது காலை அவள் எப்போதும் பின்னால்தான் வைத்து நிற்பாள், அது எந்தக் கம்பியில் போய் இடிக்கும், அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா, யோசிக்கவில்லை, தைலத்தைப் போட்டு அழுத்தித் தேய்த்தாள், அன்றைக்கு ராத்திரி சேலை உரசினால்கூடக் கத்த வேண்டியதாயிற்று. மெடிக்கல்காரன் சீழ் பிடிக்கப்போகிறது என்று ஏதோ மாத்திரை கொடுத்தான். சீழும் பிடிக்கவில்லை, உடையவும் இல்லை. முதலில் வந்தது சிவப்பு போய் ஊதாவாகி, ஊதா போய் மஞ்சளும் பச்சையுமாக, அடி வாங்கி ஆறுகிற இடம் மாதிரி ஆனது, சரி போகுது என்று நினைத்தால் பக்கத்தில் புதுசாக ஒன்று முளைத்தது. கணுக்கால் வீங்கி, லேசாகக் காய்ச்சல், லைன் சூப்பர்வைசர் கேட்டதற்கு ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டுப் பீஸைப் புரட்டினாள். ஒன்றுமில்லை என்று சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இல்லீங்க. அதையும் அப்படித்தான் சொன்னாள். என்ன கேட்டதற்கு இல்லீங்க என்றாள், ஆஸ்பத்திரியில், ஏதோ கேட்டது டாக்டரம்மா, கடைசியில் போகிற போக்கில். அது என்ன என்று தேடினாள், கிடைக்கவில்லை. நோயின் பேர் மட்டும் ஞாபகம் இருக்கிறது, எரித்தீமா நோடோசம், கவர்ச்சியான பேர், சினிமாவில் வைக்கலாம். டாக்டரம்மாவுக்குக் குட்டையான உருவம், கண்ணாடி, பேசும்போது பேனாவால் மேஜையைத் தட்டும். "பயப்படாதீங்க சிந்தாமணி, இது தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புல வர்ற வீக்கம். அறுக்கக் கூடாது, பிதுக்கக் கூடாது, தேய்க்கவே கூடாது. தானா வடிஞ்சிரும். வலிக்கு மாத்திரை தர்றேன், சாப்பிட்டுட்டுப் போடுங்க. பட்டைத் துணி சுத்திக்கங்க, கால் தூக்கியே இருக்கட்டும்." அப்படியா சரிங்க என்று எழுந்திரிக்கப் போனவளை அந்தம்மா உட்கார வைத்தது. "இருங்க. கால்ல இருக்கிறது நோயில்ல, நோய் வேற எங்கயோ இருக்குன்னு உடம்பு காட்டுது. தொண்டையில கிருமி வந்திருந்தாலும் வரும், சில மாத்திரைக்கும் வரும், வயித்துக்கோளாறுக்கும் வரும், டிபிக்கும் வரும். சிலருக்குக் கடைசி வரைக்கும் காரணமே தெரியாது. ஆனா தேடாம விட முடியாது." டிபி என்றதை மட்டும் சிந்தாமணி மனசு தள்ளி வைத்தது, மற்றதெல்லாம் டக்கென்று பிடிபட்டுவிட்டது, அதுதான் அவள் வேலை ஆச்சே. துணியில் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப ஓட்டை வந்தால் ஓட்டையைத் தைத்துக்கொண்டிருக்கக் கூடாது, நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்திருக்கும், அதைத் தேட வேண்டும். இவள் காலில் ஓட்டை. ஊசி எங்கே. தொண்டை வலி வரவே இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை, வயிறு கல்லைத் தின்றாலும் கரைக்கும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. கையில் தோலுக்கடியில் குட்டி ஊசி ஒன்று போட்டு நாளைக்கு வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், வீங்கினால் டிபி கிருமி என்றைக்கோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தமாம். அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து பிடிவாதமாக இருந்தாள். இப்போது கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தடித்துப் போய், சிவந்து, காலில் இருக்கிற புடைப்புக்குத் தங்கச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது.

சரி. வந்ததென்றால் வந்தது, இப்போது என்ன குடி முழுகிவிட்டது. ஜோதிமணியின் தம்பிக்கு வந்தது, ஆறு மாசம் மாத்திரை, கவர்மெண்ட்டே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது, ஒரு நாள் விடாமல் முழுங்கினான், இன்றைக்கு டெம்போ ஓட்டிக்கொண்டு கன்னம் உப்பித் திரிகிறான். அந்தக் காலமா இது. இதே லைனில் நாலாவது வீட்டில் ஒரு அம்மாவுக்கு வந்தபோது தட்டு தனி, தம்ளர் தனி என்று வைத்தார்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை, தண்ணிக் குழாயடியில் அந்தம்மா வந்தால் குடங்கள் தள்ளி நிற்கும், சிந்தாமணியின் குடமும்தான் தள்ளி நின்றது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. இவள் குடத்தைப் பார்த்து எவளாவது தள்ளி நின்றால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், சிந்தாமணியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் இந்த லைனில் இல்லை. ஆனால் எப்படி வந்தது. எங்கிருந்து வந்தது. வானத்திலிருந்தா குதித்தது. அதற்குத்தான் டாக்டரம்மா கடைசியில் ஏதோ கேட்டது, போகிற போக்கில், பேனாவால் தட்டிக்கொண்டே, இவள் பட்டென்று இல்லீங்க என்றாள்.

செருப்புச் சத்தம். மூளைக்கு எட்டும் முன்னால் காலுக்கு எட்டிவிட்டது, தலையணையிலிருந்து ரெண்டு காலும் தானாக இறங்கி மடங்கி, சேலைக்குள் போய்விட்டன, இறங்கிய வேகத்தில் ரத்தம் குபுகுபுவென்று கீழே பாய்ந்து ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாகத் தெறித்தது, பல்லைக் கடித்தாள். "கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது அம்முணி," என்றபடி நாச்சிமுத்து உள்ளே வந்தார். "ஆமாங்க மாமா." "வெக்கை அதிகம். தண்ணி கிண்ணி வேணுமா?" "வேண்டாங்க மாமா, நீங்க உக்காருங்க." உட்கார்ந்தார். பேப்பர் விரிந்தது. அவ்வளவுதான், ராணி பட்டம் போச்சு. ரெஸ்ட் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இதே கதைதான், அவர் டீ குடிக்கப் போனால் கால் மேலே, வந்தால் கால் கீழே, அவர் ஒரு டீயை எவ்வளவு நேரம் குடிப்பார் பாவம், வீக்கம் எப்படி வடியும். அவரைக் குறை சொல்லி என்ன, அவரா மடக்கச் சொன்னார். கல்யாணமாகி வந்த அன்றைக்கே யாரும் சொல்லாமல் வந்த பழக்கம், மாமனார் எதிரே கால் நீட்டி உட்கார்ந்ததே இல்லை, அம்மை போட்டுக் கிடந்தபோதுகூட மடக்கிக்கொண்டுதான் கிடந்தாள். நல்ல மனுசர். மாமியார் போனதற்கப்புறம் காலையில் எழுந்து வரக்காப்பி போட்டு இவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்று தொண்டையைச் செருமுவார், எந்திரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை, செருமுவார், இவள் எழுந்துவிடுவாள்.

செருமுவார். இப்போது செருமவில்லை, இருமினார். சின்னதாக ஒன்று, அப்புறம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அப்புறம் வரிசையாக, அடியிலிருந்து, ஏதோ கனமானதை இழுத்து வெளியே கொண்டுவருகிற மாதிரி. சிந்தாமணி ஃபேனைப் பார்த்தபடி கேட்டாள். இவ்வளவு சத்தமாகவா இருமுகிறார். என்றைக்கிருந்து. பகலெல்லாம் அவள் கம்பெனியில், ராத்திரி பக்கத்து லைன் தறி, கடகடகடவென்று விடிய விடிய, அந்தச் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் குறட்டைகூடக் கேட்காது, வீட்டில் ரெஸ்ட் எடுக்க ஆரம்பித்த பிறகும் தறி ஓடிக்கொண்டேதானே இருந்தது. இன்றைக்குத்தான் ஊர் அமைதியாக இருக்கிறது. இன்றைக்குத்தான் அந்த இருமல் அதன் முழு உருவத்தோடு ரூமுக்குள் வந்து நிற்கிறது. அட, பஞ்சு இருமல்தானே என்று மனசு சொன்னது. நூல் மில்லில் காடிங்கில், பஞ்சைச் சிக்கெடுக்கிற மெஷினில் நின்றவர், புருவமெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு அப்பி வீட்டுக்கு வருவார் என்று மாமியார் சொல்லிச் சிரிக்கும். மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் இருமுவார்கள். இங்கே அதற்குப் பேரே பஞ்சுதான், "அப்பாவுக்குப் பஞ்சு எடுத்திருச்சு" என்பான் இவள் புருசன் கதிர்வேலு, ஒரு வெல்லக்கட்டியை வாங்கிக் கொடுப்பான், முடிந்தது. திருப்பூரில் இருமாத கிழவனை எங்கே போய்ப் பார்ப்பது. அதை யாராவது இருமல் என்று சொல்வார்களா.

வீட்ல யாராவது இருமறாங்களா.

அதுதான். அதைத்தான் அந்தம்மா கேட்டது. பேனாவால் தட்டிக்கொண்டு, வீட்ல யாராவது ரொம்ப நாளா இருமறாங்களா சிந்தாமணி என்று. இல்லீங்க. பொய் சொல்லவில்லை, முருகன் மேல் சத்தியமாகப் பொய் சொல்லவில்லை, அவள் மனசில் பஞ்சு என்பது இருமல் கணக்கிலேயே இல்லை, அது வீட்டில் இருக்கிற சேர் மாதிரி, பேப்பர் மாதிரி. சிந்தாமணிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. உடைந்த ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாளே, அந்த ஊசி எதிரே சேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறது. இருக்காது. இருந்தாலும் இருக்கலாம். மில்லை விட்டு வந்து எத்தனை வருசம், இத்தனை வருசம் கழித்துப் பஞ்சு இப்படியா இழுக்கும், முன்னே இருமியதும் இப்போது இருமுவதும் ஒன்றா. சாய்கிற வெயிலில் அவரைப் பார்த்தாள், பார்க்கிறோம் என்று தெரியாமல் இமைக்கு அடியில் பார்த்தாள். கழுத்தெலும்பு எப்போது இப்படி எழுந்து நின்றது. பனியன் தோளில் தொங்குகிறது, அந்தப் பனியனை இவள்தான் கம்பெனியிலிருந்து சைஸ் பார்த்து எடுத்துவந்தாள், அப்போது பிடித்தாற்போல் இருந்தது. சோறு பாதியில் போதும் அம்முணி என்கிறார். பொழுது சாய்ந்தால் வெக்கை வெக்கை என்று விசிறிக்கொள்கிறார், மார்கழியிலும் விசிறினார். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பார்க்கிறாள், மயிரிழை எண்ணெய்க் கறை இருந்தாலும் தூக்கி அந்தப் பக்கம் போடுகிறவள், செக்கிங்கில் சிந்தாமணி கை பட்டால் சரக்கு வாங்குகிற பையர் திருப்பி அனுப்ப மாட்டான் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு மனுசர் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருக்கிறார், பாஸ் பாஸ் என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாமா, என்ன மாமா இப்படி ஆயிட்டீங்க. கண் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார், காலு வலி என்று சொல்லலாம், அதற்கும் ஒன்றும் பொய்யில்லை.

எப்படிச் சொல்வது. ஆஸ்பத்திரி என்றாலே எந்திரிச்சுப் போய்விடுவார். கதிர்வேலு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான், எனக்கென்னடா, பஞ்சு, ஊரே இருமுது என்றார். மூணாம் தடவை கூப்பிட்டபோது ரெண்டு நாள் மகனோடு பேசவில்லை. ராத்திரி கதிர்வேலுவிடம் சொல்லலாம் என்றால் அப்பா மகன் ரெண்டு பேருக்கும் சண்டைதான் மிச்சம். நாளைக்குக் கை ஊசியைக் காட்டப் போகும்போது ஆயிஷாம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடலாம், இருமறாங்க, என்ற மாமனார் இருமறாரு, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன் என்று. சொன்னால் கூட்டிட்டு வாங்க என்பார்கள். மறுபடியும் இங்கேதான் வந்து நிற்கும், இந்தச் சேருக்கு முன்னால். இவர் வராவிட்டால் இவள் கால் ஆறி என்ன பிரயோசனம், இவள் மட்டும் நல்லாகி எந்திரிச்சு கம்பெனிக்குப் போய்விடுவாள், இவர் இந்தச் சேரிலேயே இருமி இருமி ஒரு நாள் மேற்குச் சுவரில் மாமியார் பக்கத்தில் மாலையோடு ஏறிவிடுவார். அந்த நினைப்பு வந்ததும் சிந்தாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம், பஞ்சு மேலே, தறிச் சத்தத்தின் மேலே, தன் மேலே. கோபம் வந்தால் அவளுக்குத் தைரியம் தானாக வரும், அது பிறந்தபோதே கூட வந்தது. சேலைக்குள்ளிருந்து வலது காலை எடுத்தாள். எடுக்கிற கால் வேண்டாம் வேண்டாம் என்றது. எடுத்து நீட்டினாள், வடக்கே, வாசலைப் பார்த்து, அவரைப் பார்த்து, தலையணை மேல். அப்புறம் இடது கால். நெஞ்சு படபடவென்று அடித்தது, கல்யாணத்தன்றுகூட இப்படி அடிக்கவில்லை.

பேப்பர் ஓரம் லேசாகத் தாழ்ந்து மறுபடி ஏறியது. பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி இருக்கிறார். "மாமா." "ம்." "பேப்பரைச் சித்தெ கீழ வைங்க மாமா." வைத்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார், மருமகள் கால் நீட்டிக் கிடக்கிறாள், எங்கே பார்ப்பது அவர். சிந்தாமணி சேலையை ஒரு சாண் மேலே ஏற்றிப் பட்டைத் துணியை அவிழ்த்தாள். "இங்க பாருங்க." "என்ன அம்முணி இது, மூடிக்க." "நீங்க என்ற அப்பன் மாதிரி. பாருங்க." திரும்பினார். சிவப்பும் ஊதாவும் பச்சையுமாக ரெண்டு காலும். அவர் வாய் லேசாகத் திறந்தது. கால் வலி என்றுதான் அவருக்குத் தெரியும், இப்படி இருக்கும் என்று யார் காட்டினார்கள். "இது கம்பில இடிச்சதில்லீங்க மாமா. உள்ள ஒரு கிருமி வந்தா காலு இப்படிக் காட்டுமாமுங்க. கை ஊசியும் வீங்கிருச்சு, பாருங்க. வீட்ல யாராச்சும் இருமறாங்களான்னு டாக்டரம்மா கேட்டாங்க. நான் இல்லீன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்." சொல்லி முடித்தாள். வெளியே எங்கோ ஒரு டெம்போ ரிவர்ஸ் எடுத்தது. "எனக்குப் பஞ்சு, அம்முணி," என்றார் மெதுவாக, மகனிடம் சொல்கிற குரல் இல்லை அது. "பஞ்சாவே இருக்கட்டுங்க மாமா. பஞ்சுன்னு அவிய சொல்லட்டும், கும்பிட்டுட்டு வந்தரலாம். ஆனா பஞ்சு உங்க நெஞ்சோட நிக்கோணுமல்லோ, என்ற காலுக்கு எப்படி வரும்?" அவர் மறுபடி அவள் காலைப் பார்த்தார். "இருந்தா மாத்திரை இருக்குதுங்க. எனக்கும் தருவாங்க, உங்களுக்கும் தருவாங்க. சேந்து முழுங்கலாம்," என்றாள், குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள்.

நாச்சிமுத்து எழுந்தார். போச்சு, டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார், இன்னும் ரெண்டு நாள் பேச மாட்டார் என்று நினைத்தாள். அவர் மூலையில் இருந்த தன் கட்டிலுக்குப் போய்த் தலையணையை எடுத்தார், உறையைத் தட்டினார், வந்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒண்ணு பத்தாது. இதையும் வெச்சுத் தூக்கி வை," என்றார். "ஐயோ மாமா, உங்க தலகாணி மாமா." "வை." கட்டளை மாதிரி வந்தது, அவரிடமிருந்து இவளுக்கு வந்த முதல் கட்டளை. அப்புறம் சேரின் முதுகைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார், வெளியே தண்ணி டிரம் பக்கம் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து பார்த்தால் அவர் தோளில் பாதி மட்டும் தெரிந்தது. வாசல் காலியாக இருந்தது. வடக்கே வெயிலும் தெருவும்தான். "நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"எட்டு மணிக்குங்க மாமா," என்று சொல்லும்போது கரண்ட் வந்தது. ஃபேன் ஒரு தடவை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது, பக்கத்து லைனில் ஒரு தறி, ரெண்டு தறி, அப்புறம் எல்லாம் சேர்ந்து கடகடவென்று எடுத்தன, இனிமேல் ஒன்றும் கேட்காது. ஆனால் சிந்தாமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதித் தோள் குலுங்கியது. குலுங்கும்போது கை ஒன்று மேலே போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டது. யாரும் சொல்லாமல் அவராகவே. ரெண்டு தலையணைக்கு மேல் கால் உயரமாக இருந்தது, புடைப்புகளின் தெறிப்பு மெல்ல அடங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தண்ணி குடிக்க உள்ளே வந்தார். சிந்தாமணி காலை மடக்கவில்லை.